லேப்டாப்பை ஃபார்மட் அடிக்காதீர்கள், டிஸ்க்கை மாற்றுங்கள்

"அக்கா, லேப்டாப் ரொம்ப ஸ்லோ. ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடுங்க."

புதுக்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் என்று ஓடும் என் கடைக்கு வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஊசி கேட்கிற மாதிரி, லேப்டாப் என்றால் ஃபார்மட், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. முன்பு நானும் கேட்ட கையோடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அடிப்பதில்லை.

காரணம், ஓய்வுபெற்ற ஒரு தமிழ் வாத்தியார். தன் குடும்ப வம்சாவளியைத் தானே டைப் செய்து வைத்திருந்தவர். "எல்லாம் டி டிரைவில்தான்மா இருக்கு" என்றார். நானும் டி டிரைவைத் தொடாமல், சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, திரையிலேயே 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதைக் காணோமே என்றார். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டர்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் கேட்கவில்லை. ரெக்கவரி மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டியதில் பாதி ஃபைல்கள் பெயரில்லாமல் கிடைத்தன. திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. டைப்பிங் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அதுதான் 'தமிழ்'. சி டிரைவோடு எழுத்துருவும் போயிருந்தது. அதைத் திரும்பப் போட்டதும் கிடைத்ததெல்லாம் தமிழானது. மற்ற பாதி போனது போனதுதான். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சர்வீஸ் காசையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் முறை இதுதான். பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்க மாட்டேன். அதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, எஸ்எஸ்டி என்ற வேகமான புது ரக டிஸ்க்கைப் போட்டு, அதில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுவேன். லேப்டாப்பும் வேகமாகும், பழையதும் அப்படியே இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் இதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் என்ன நோய் என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். வேண்டிய மூன்று விஷயமும் அங்கேயே இருக்கின்றன. சிபியு என்ற இடத்தில் பிராசசரின் முழுப்பெயர். மெமரியில் எத்தனை ஜிபி ரேம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. டிஸ்க்கில் அது எச்டிடியா (பழைய ஹார்ட் டிஸ்க்), எஸ்எஸ்டியா என்ற தகவல். எச்டிடி என்று இருந்து, ஒன்றுமே திறக்காதபோதும் அது 100 சதவீதத்தில் நின்றால், நோய் தெரிந்துவிட்டது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று சுற்றுபவை. ஒரே ஊசி அங்கும் இங்கும் ஓடி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு துண்டாகப் படிக்க வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் விநாடிக்கு நூறு தடவை படித்தாலே பெரிது. ரேஷன் கடையில் ஒரே ஆள் ஒவ்வொரு கார்டுக்கும் குடோனுக்குள் ஓடி ஓடி எடுத்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் செருகும் சாதாரண எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கும். விண்டோஸ் 10 வந்தபிறகு பின்னணியில் எந்நேரமும் ஏதாவது ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஒற்றை ஆள் திணறிப் போகிறான். அதனால்தான் ஃபார்மட் அடித்த முதல் வாரம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீல நிறத்தில் குட் என்று இருந்தால் கவலையில்லை. மஞ்சள் நிறத்தில் காஷன் என்று காட்டினால் அந்த டிஸ்க் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது டீஃப்ராக், செக்டிஸ்க் என்று எதையும் ஓட்டி அதை இன்னும் வதைக்காதீர்கள். முக்கியமான போட்டோ, ஆவணங்களை உடனே வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

என்ன வாங்குவது

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய லேப்டாப்புக்கு இதை வாங்கினால் தப்பாகப் போகாது, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 என்பது சின்னப் பட்டை மாதிரி இருக்கும் எஸ்எஸ்டி; அதில் என்விஎம்இ ரகம் வேகமானதுதான். ஆனால் 2015, 2016 வாக்கில் வந்த லேப்டாப்களில் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்குமா, என்விஎம்இயையும் ஏற்குமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். உறுதியாகத் தெரியாவிட்டால் அதன் பக்கம் போகாதீர்கள். 256 ஜிபி போதும். கல்யாண வீடியோவெல்லாம் இருப்பவர்களுக்கு 512. சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் விலை கேட்டுப் பார்க்கலாம். எங்கே வாங்கினாலும் பில்லும் வாரண்டியும் வேண்டும். சின்ன எஸ்எஸ்டி விற்கும் விலைக்கு 2 டெராபைட் தருகிறேன் என்பவரிடம் நின்று பேசவே வேண்டாம்.

ரேம் 4 ஜிபி என்றால் இன்னொரு 4 ஜிபி சேருங்கள். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்களில் இரண்டு வகையும் உண்டு என்பதால் வருடத்தை வைத்து ஊகிக்க முடியாது. உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இதோடு யூஎஸ்பி 3.0 கேஸிங் ஒன்று. பழைய டிஸ்க்கை அதில் போட்டு வெளியிலிருந்து செருகலாம். எங்கள் ஏரியாவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாங்கும் முன் இன்னொன்று. கீல் உடைந்து ஸ்க்ரீன் ஆடுகிறதா? 2 ஜிபி ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா? சக்தி குறைந்த ஆட்டம் பிராசசரும், போர்டிலேயே ஒட்டிய இஎம்எம்சி என்ற 32 ஜிபி சேமிப்பும் உள்ள மாடலா? அப்படியானால் காசை அதில் போடாதீர்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதைச் சார்ஜில் போடாமல், நெம்பாமல், குத்தாமல் நேராக சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். அது நெருப்பு விஷயம்.

கழற்றுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பயமே இதில்தான்.

கழற்றுவதற்கு முன்னால் விண்டோஸில் இரண்டு காரியம். டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பூட்டியிருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள், அல்லது பூட்டை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்து, ஷட்டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு கொடுங்கள். விண்டோஸ் வழக்கமாகப் பாதித் தூக்கத்தில்தான் அணையும்; இப்படிச் செய்தால்தான் முழுதாக அணையும். இல்லாவிட்டால் பிறகு லினக்ஸில் அந்த டிஸ்க்கைச் செருகும்போது படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழலும் ரகம் என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களை எடுங்கள். நான் எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் போடுவேன். பதினான்கு குழி. வலது மூலை ஸ்க்ரூ வலது மூலைக் குழியில், டிவிடி டிரைவுக்குப் பக்கத்தில் இருந்தது அதே வரிசையில். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் போட்டு முறுக்கினால் அது கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும், அதனால்தான் இந்த அடுக்கு. பல்லாங்குழி இல்லாத வீட்டில் இட்லித் தட்டு.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்தபிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருக்கும். டிவிடி டிரைவை முதலில் வெளியே இழுத்தால் அதன் கீழே இன்னும் இரண்டு இருக்கும். அப்புறம் பழைய சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் நுழைத்து ஓட்டினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். அந்தச் சத்தம் கேட்டு நெஞ்சு திக்கென்று ஆகும். உடையவில்லை, அது அப்படித்தான் கேட்கும். சில மாடல்களில் கீபோர்டு இருக்கும் மேல்பக்கம்தான் கழலும். அப்படியானால் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். அடியில் ரிப்பன் கேபிள் இருக்கும். அது செருகியிருக்கும் இடத்தில் நகத்தால் நெம்பித் தூக்க வேண்டிய ஒரு சின்னக் கறுப்புத் தாழ் உண்டு. அதைத் தூக்காமல் ரிப்பனை இழுத்துத்தான் பலரின் டச்பேட் செத்தது.

உள்ளே திறந்ததும் பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்குங்கள். டிஸ்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கழலும். அதைச் சுற்றியிருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புது எஸ்எஸ்டிக்கு மாட்டி, அதே இடத்தில் செருகுங்கள். ரேமைச் சாய்வாக நுழைத்து, கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் கிளிப் பிடிக்கும். கையோடு ஃபேனில் அடைத்திருக்கும் தூசியை ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. மூடும் முன் பேட்டரி கனெக்டரைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். நான் இரண்டு தடவை மறந்து, இரண்டு தடவையும் எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி கழற்றியிருக்கிறேன்.

எந்த ஓஎஸ்

இது வந்தால் சண்டையும் வரும். விண்டோஸ் கட்சி, லினக்ஸ் கட்சி என்று இரண்டுண்டு. நான் கட்சி பார்ப்பதில்லை. பிராசசரைப் பார்க்கிறேன், முன்னால் உட்காரப் போகிறவரைப் பார்க்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி லேப்டாப்பில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். பிராசசர் பெயரிலேயே தலைமுறை இருக்கிறது. ஐ5-8250யு என்றால் கோட்டுக்கு அடுத்த 8 எட்டாம் தலைமுறை. ஐ3-5005யு ஐந்தாம் தலைமுறை.

எட்டும் மேலும் என்றால் யோசிக்காமல் விண்டோஸ் 11 போடுங்கள். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சௌகரியமாக ஓடும். பழைய விண்டோஸ் முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்தால் கீ எதுவும் வாங்க வேண்டாம். அந்த லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கோடு அல்ல. இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தட்டிவிட்டு அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்கென்று தனியாகக் காசு வாங்கும் கடைகளும் இருக்கின்றன.

ஏழும் கீழும் என்றால்? ரூஃபஸ் என்ற மென்பொருளால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்ற முடியும். என் சொந்த மெஷின் ஒன்றில் ஏற்றி ஓட்டுகிறேன். வாடிக்கையாளருக்குச் செய்து தருவதில்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. நாளைக்கு நின்றால் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

அவர்களுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான, இலவச லினக்ஸ் மின்ட். நெட், யூடியூப், வாட்ஸ்அப் வெப், லெட்டர் டைப்பிங், எக்செல் மாதிரி ஒரு கணக்கு ஷீட்: இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாகப் போடலாம். டேலி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று பிழைப்பே அதில்தான் என்பவர்கள் லினக்ஸ் பக்கம் வராதீர்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஆட்களும்தான். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். இன்னும் தமிழ் டிடிபி அதன்மேல்தான் ஓடுகிறது என்பது வேறு கதை.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. என் கடைக்கு வந்த பழைய அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் செய்த ஓஎஸ் அது. பையன்கள் வந்ததும் சொல்லும் முதல் வேலை, "அக்கா, அந்த பாஸைத் தூக்கிடுங்க."

மின்ட் ஏற்றுவது

மின்ட் 22 வரிசை 2024 ஜூலையில் வந்தது, 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன். ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபி அளவுக்கு வரும். மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் வைத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். அந்தப் பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா பெரும்பாலும் எஃப்12. எச்பி எஃப்9. ஏசுஸ் எஸ்கேப். ஏசரும் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும்.

மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும், இன்னும் எதுவும் ஏறவில்லை. இன்ஸ்டால் ஐகானை உடனே தட்டாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் கொடுங்கள். நெட் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் வேண்டிய டிரைவரை அதுவே காட்டும். பிரிண்டரையும் இப்போதே செருகிப் பாருங்கள். எச்பி ரகங்கள் பெரும்பாலும் பேசாமல் வேலை செய்யும். சில சின்ன லேசர் பிரிண்டர்கள் லினக்ஸோடு படுத்தி எடுக்கும், ஏற்றிய பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

திருப்தி என்றால் இன்ஸ்டால். பாட்டு, வீடியோ ஓடுவதற்கான மல்டிமீடியா கோடெக் என்ற இடத்தில் டிக் போடுங்கள். 'டிஸ்க்கை அழித்து ஏற்று' என்று ஒரு வரி வரும். மற்றவர்கள் கை நடுங்கும் இடம் இதுதான். நமக்கு நடுக்கமில்லை. உள்ளே இருப்பது வெறும் புது எஸ்எஸ்டி, பழையது மேஜை மேல் இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் முதல் வேலை டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பது. பிறகு ஏதாவது அப்டேட் கோளாறு செய்தாலும் அந்த நிலைக்கே திரும்பி வரலாம்.

தமிழ்

இதைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள், நான் முதலிலேயே போட்டுக் கொடுத்துவிடுவேன். விண்டோஸில் பழகிய தமிழ் டைப்பிங் மென்பொருள்களான என்எச்எம் ரைட்டர், அழகி எல்லாம் இங்கே இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று தேடி ஏற்றுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். பிறகு ஐபஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, போனெடிக், டைப்ரைட்டர் என்று கீபோர்டு முறைகள் எல்லாம் வரிசையாக நிற்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ, நான்கே தட்டு. இரண்டு ம வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழும். பாமினியில் பழகிய என் கைக்கு அதே சொல் ஐந்து தட்டு, புள்ளியையும் நாமே வைக்க வேண்டும். ஒரு தட்டுதானே என்று தோன்றும். ஒரு பத்திரம் அடித்துப் பாருங்கள்.

பழைய பாமினி ஃபைல்கள் இருந்தால், பழைய டிஸ்க்கைக் கேஸிங்கில் போட்டுச் செருகி, அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்பதைத் திறந்து எழுத்துருவைக் காப்பி எடுங்கள். மின்ட்டில் அதை இருமுறை தட்டினால் இன்ஸ்டால் பட்டன் வரும். அதன்பின் வேர்டு மாதிரியான லிப்ரே ஆஃபீஸில் பழைய லெட்டர்கள் தமிழாகத் திறக்கும். வரிகள் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், பிரிண்ட் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய டிஸ்க். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதுங்கள். வேண்டிய ஃபோல்டர்களைப் புதியதற்குக் காப்பி எடுத்தபிறகும் அழிக்காதீர்கள், குறைந்தது மூன்று மாதம் பீரோவில் இருக்கட்டும். 'அந்த எல்ஐசி ஸ்கேன் எங்கே' என்ற கேள்வி முதல் வாரத்தில் வராது, ப்ரீமியம் கட்டும் மாதத்தில்தான் வரும். பிறகு அதை யாருக்காவது கொடுப்பதானாலும், பழைய இரும்புக்காரரிடம் போடுவதானாலும், உள்ளே இருப்பதை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள். விரைவாக அழிக்கும் குயிக் ஃபார்மட் போதாது. டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் ஓட்டுங்கள். சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.